பழைய எண் 5, புதிய எண் 7

எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலுக்கும் இரண்டு எண்கள்.
பழையது பதினான்கு, புதியது முப்பத்தொன்று.
கூரியர்க்காரர் இரண்டையும் நம்புவதில்லை.
போன் போட்டு, "பச்சை கேட்டா, மேடம்?" என்பார்.

வில்லங்கச் சான்று வாசித்தே
இருபத்தாறு வருடம் பிழைத்தவள் நான்.
ஒரே மனை இரண்டு எண்ணில் இருப்பதையும்
இரண்டு மனை ஒரே எண்ணில் இருப்பதையும்
அடிக்கோடிட்டுக் காட்டிக் கட்டணம் வாங்கியவள்.

அப்படிப்பட்டவள் ஏமாந்தேன்,
ஓர் இரும்புத் தலையில் பொறித்த ஏழிடம்.

தோள் அறுவைக்குப் பிறகு வாங்கிய புது செட்.
முதல் சனிக்கிழமை, நந்தனம், காலை ஆறே கால்.
அண்ணா சாலை முழுக் குரலில் ஹாரன் அடிக்கத் தொடங்கவில்லை.
நூற்றுப் பதினைந்து கஜம், இருபது வருடமாக என் ஏழின் தூரம்.
பந்து கொடியைத் தாண்டி, கிரீனைத் தாண்டி,
வேப்பமரத்தடியில் டிபன் டப்பா திறந்திருந்த
தோட்டக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.
தோள் தேறிவிட்டது என்றே நினைத்தேன்.
டாக்டருக்கு மெசேஜ்கூட அனுப்பினேன்,
கைகூப்பும் பொம்மையோடு.

கேடி தேசிங்கு காரிலிருந்து பழைய ஏழை எடுத்து வந்தான்.
இரண்டையும் தரையில் அருகருகே நிறுத்தினான்.
பழையது வானத்தைப் பார்த்தது.
புதியது எதிரே வருகிறவரைப் பார்த்தது.
"நம்பர்தான் மேடம் ஏழு. மூஞ்சி அஞ்சு."

ராயப்பேட்டைக் கடையில் இம்தியாஸ் கோணம் அளந்தார்.
முப்பத்துநான்கு. இருபத்தொன்பது.
எடை அடியில் இருப்பதால் பந்து உயரமாகத்தான் எழும்,
குறையொன்றும் இல்லை என்றார்.
குறையில்லைதான்.
எனக்கு 'எம்' சைஸ் சரியாக இருக்கும் கடைக்குத்தானே
தி.நகரில் நானும் திரும்பத் திரும்பப் போகிறேன்.

சிக்கல் கீழ்ப்பக்கத்தில்.
புது பிட்சிங் வெட்ஜ் நாற்பத்துமூன்று, தொண்ணூறு கஜம் போகிறது.
பழைய சாண்ட் வெட்ஜ் ஐம்பத்தாறு, அறுபது.
நடுவே பதின்மூன்று டிகிரி,
யார் பெயரிலும் பட்டா இல்லாத புறம்போக்கு.
பதினொன்றாம் குழியில் குளத்தைத் தாண்ட
எனக்கு வேண்டிய எழுபத்தைந்து கஜம்
அங்கேதான் கிடக்கிறது.

"ரெண்டு ஆப்பு வாங்கணும் மேடம்."
"ஏற்கெனவே வாங்கிட்டேன் தம்பி, இந்த செட் வாங்கின அன்னைக்கே."

நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு என்று முடிவானது.
அப்புறம் பவுன்ஸ். அடிப்பாகம் தட்டையா, புடைத்ததா?
"நீங்க ஆடுற தரை எப்படி?"
எப்படிச் சொல்வது?
சித்திரையில் பந்து விழுந்தால் சிமெண்டுச் சத்தம்.
ஐப்பசியில் அதே இடத்தில் கணுக்கால் வரை போகும்.
இரண்டுக்கும் நடுவில் ஒன்று கொடுங்கள் என்றேன்.
எல்லாரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றார்.
அது பாராட்டா என்று இன்னும் தெரியவில்லை.

பைக்குள் பதினான்குக்கு மேல் கூடாது.
வாழ்நாளில் மூன்று முறை சரியாகப் பட்ட நான்காம் இரும்பை,
மூன்று முறையையும் நினைத்துப் பார்த்துவிட்டு,
வெளியே எடுத்தேன்.
மூன்றாம் மரத்தை யோசிக்காமல் எடுத்தேன்.

ராத்திரி மகளின் நகப்பூச்சால்
ஒவ்வொரு தலையின் பின்னாலும் சின்னதாக எழுதினேன்:
ப.எ. 5. ப.எ. 6.
ஐந்தாவதில் கை நடுங்கி, எட்டு
மூன்றுபோல் ஆனது. விட்டுவிட்டேன்.

நேற்று பதினொன்றாம் குழி.
எழுபத்தைந்து. நாற்பத்தெட்டு. முழு வீச்சு.
இந்த ஆறு வாரத்தில்
இவ்வளவு சுத்தமாக ஒரு பந்து பட்டதில்லை.
உச்சியில் ஒரு நொடி தயங்கியது.
பிறகு, குளம்.

மணி பத்தேமுக்கால்.
கடற்காற்று அரைமணி முன்னாலேயே வந்திருந்தது,
அடையாற்றுச் சேற்று வாசனையோடு.
தேசிங்கு அதை முதலில் முகர்ந்தான்,
என்னிடம் இன்னொரு பந்தை நீட்டினான்,
எதுவும் சொல்லவில்லை.
பைக்குள் கை விட்டு,
எண்ணைப் பார்க்காமல் ஒன்றை உருவினேன்.